வஸ்வாஸுக்கு வைத்தியம்: திரையிலா, அறையிலா?

நபிகளார் ஒரு முத்து அளவு தண்ணீரில் வுழூச் செய்தார்கள் என்று ஹதீஸ் நூல்கள் சொல்கின்றன. இரு கைகளையும் சேர்த்து அள்ளினால் வரும் அளவுதான் முத்து; இன்றைய கணக்கில் ஏறத்தாழ முக்கால் லீற்றர். ஆனால் கிழக்கிலங்கைக் கரையில், கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும், சுப்ஹுக்குக் குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரமாகியும் மூட முடியாமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள். முழங்கை நனைந்துவிட்டது என்று கண் சொல்கிறது. நனையவில்லையோ என்று மனம் கேட்கிறது. மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள். தண்ணீர்த் தாங்கி வெறுமையாகிறது, தொழுகை கழாவாகிறது, வெளியே காத்திருப்பவர் கதவைத் தட்டுகிறார்.

ஊரில் இதற்குப் பெயர் வஸ்வாஸ். ஷைத்தானின் ஊசாட்டம் என்றும் சொல்வார்கள். எப்போதாவது வந்து போகும் சந்தேகத்துக்கும் அதே பெயர்தான். ஒரு மனிதரின் நாளில் பல மணி நேரத்தைத் தின்றுவிடும் நோய்க்கும் அதே பெயர்தான். பின்னதை மருத்துவம் ஓசிடி என்கிறது. உலகில் நூறு பேருக்கு இரண்டு பேர் அளவில் வாழ்நாளில் ஒருமுறையாவது இதற்கு ஆளாகிறார்கள். பெரும்பாலும் பதின்ம வயதிலோ இருபதுகளிலோ தொடங்கும். எல்லாருக்கும் அது தண்ணீரோடு வருவதில்லை. அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று சிலருக்கு. தொழுகையில் நிய்யத் சரியாக வரவில்லையென்று தக்பீரைத் திரும்பத் திரும்பச் சொல்வது சிலருக்கு. பெற்ற பிள்ளைக்கே தீங்கு செய்துவிடுவேனோ என்ற, வெளியே சொல்லவும் கூசும் எண்ணம் வேறு சிலருக்கு.

கெய்ரோவின் ஐன் ஷம்ஸ் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவர் அஹ்மத் உக்காஷாவும் குழுவினரும் 90 நோயாளிகளை ஆராய்ந்து 1994இல் வெளியிட்ட கட்டுரையில், சமயம் சார்ந்த எண்ணங்களும் அசுத்த பயமுமே முதலிடத்தில் இருந்தன. இந்த நோய் ஒரு மனிதர் எதை மிகவும் மதிக்கிறாரோ அதைத்தான் பற்றிக்கொள்ளும். தொழுகையை உயிராக நினைப்பவருக்குத் தொழுகையில் வரும். குழந்தையை உயிராக நினைக்கும் தாய்க்குக் குழந்தையில் வரும். ஆகவே ஈமான் குறைந்ததால் வந்த நோய் என்று ஒருவரைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை.

எண்ணம் எல்லாருக்கும் வரும்

இந்த நோயைப் புரிந்துகொள்வதில் இலங்கையர் ஒருவருக்கு முக்கியமான பங்கு உண்டு. லண்டனில் பணிபுரிந்த உளவியலாளர் பத்மல் டி சில்வா, ஸ்டான்லி ராக்மனோடு சேர்ந்து 1978இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். எந்த மனநோயும் இல்லாத சாதாரண மனிதர்களிடம், விரும்பாமலே வந்து விழும் அருவருப்பான, பயங்கரமான எண்ணங்கள் உங்களுக்கு உண்டா என்று கேட்டார்கள். ஐந்தில் நான்கு பேர் அளவில் உண்டு என்றார்கள். அந்த எண்ணங்களின் உள்ளடக்கம் நோயாளிகளின் எண்ணங்களை ஒத்திருந்தது. தாளில் எழுதிக் கொடுத்தால் எது நோயாளியினுடையது என்று பிரித்துச் சொல்ல நிபுணர்களே தடுமாறினார்கள்.

அப்படியானால் வேறுபாடு எங்கே? ஒருவருக்கு அந்த எண்ணம் வந்து போய்விடுகிறது. மற்றவர் அதற்குப் பெரும் பொருள் கொடுக்கிறார், அஞ்சுகிறார், அந்த அச்சத்தைத் தணிக்க ஏதாவது செய்கிறார்: கழுவுகிறார், சரிபார்க்கிறார், திரும்ப ஓதுகிறார், பிறரிடம் கேட்கிறார். செய்தவுடன் ஒரு கணம் நிம்மதி. சொறிச் சிரங்கைச் சொறிந்தால் வரும் சுகம் போன்றது அது: சொறியச் சொறியப் புண் பெரிதாகும். அந்த ஒரு கண நிம்மதியிலிருந்து மூளை கற்றுக்கொள்ளும் பாடம் தவறானது. கழுவியதால்தான் ஆபத்து நீங்கியது என்று அது பதிந்துகொள்கிறது; அடுத்த முறை சந்தேகம் இன்னும் பலமாக வருகிறது.

மூளையில், கண்குழிக்கு மேலுள்ள முன்மூளைப் பகுதிக்கும் ஆழத்திலுள்ள கோடேட் என்ற பகுதிக்கும் தலாமசுக்கும் இடையே ஓடும் ஒரு நரம்புச் சுற்று ஓசிடியில் அளவுக்கு மீறி இயங்குகிறது. கலிபோர்னியாவில் லூயிஸ் பாக்ஸ்டரின் குழு 1992இல் மூளைப் படங்களை ஒப்பிட்டபோது, ஃபுளுவொக்செட்டின் மாத்திரையால் தேறியவர்களிடமும், மருந்தே இல்லாமல் நடத்தைச் சிகிச்சையால் தேறியவர்களிடமும் கோடேட்டின் மிகையான செயற்பாடு குறைந்திருந்தது. பழக்கத்தை மாற்றுவதாலும் மூளையின் இயக்கம் மாறும் என்பதற்கு அது ஒரு சான்று.

கழுவாமல் இருந்து பார்ப்பது

1966இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் விக்டர் மேயர் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். பல ஆண்டுகளாக எந்தச் சிகிச்சைக்கும் அசையாதவர்கள். அவர்கள் அஞ்சியதை அவர்களைத் தொட வைத்து, அதன்பின் கழுவவிடாமல் தடுத்தார்கள். அச்சம் முதலில் ஏறியது. பிறகு, கழுவாமலே இறங்கியது. இன்று உலகெங்கும் ஓசிடிக்கு முதல் வரிசையில் நிற்கும் உளச் சிகிச்சை இதிலிருந்து வளர்ந்ததுதான். அஞ்சுவதை எதிர்கொள்வது, வழக்கமான சடங்கைச் செய்யாதிருப்பது என்று அதற்கு இரண்டு கால்கள். ஆங்கில எழுத்துகளில் சுருக்கி ஈஆர்பி என்பார்கள்.

இதில் முரட்டுத்தனம் கிடையாது. சிகிச்சையாளரும் நோயாளியும் சேர்ந்து ஒரு பட்டியல் போடுவார்கள். எது சற்றே பயம், எது தாங்கவே முடியாத பயம் என்று பூச்சியத்திலிருந்து நூறு வரை மதிப்பெண் இடுவார்கள். நம்மூர்க்காரர் ஒருவரின் பட்டியலில் கதவுக் கைப்பிடி 20இல் இருக்கலாம். மீன் சந்தைக்குப் போய்வந்த செருப்பு 50இல். தெருநாய் உரசிச் சென்ற சாரம் 90இல். கீழிருந்து தொடங்கி, ஒவ்வொரு படியிலும் சந்தேகம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகப் பழகுவார்கள்.

பென்சில்வேனியாவில் எட்னா ஃபோவா தலைமையில் நடந்து 2005இல் வெளியான பெரிய ஒப்பீட்டில், இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 62 வீதத்தினர் தேறினார்கள். குளோமிப்ரமின் என்ற மருந்து மட்டும் எடுத்தவர்களில் 42 வீதம். இரண்டும் சேர்ந்தபோது 70 வீதம். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 8 வீதம். இன்று மருந்தென்றால் பெரும்பாலும் ஃபுளுவொக்செட்டின், செர்ட்ராலின் வகைதான். மனச்சோர்வுக்கு 20 மில்லிகிராம் ஃபுளுவொக்செட்டின் பலருக்குப் போதும்; ஓசிடிக்கு 40, 60, சிலருக்கு 80 வரைகூடத் தேவைப்படும். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரமாகும். இரண்டு வாரத்தில் ஒன்றும் நடக்கவில்லையென்று நிறுத்திவிடுபவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். நோன்பு காலத்தையும் காரணமாகச் சொல்லத் தேவையில்லை. நாளுக்கு ஒருமுறை எடுக்கும் மாத்திரையை வைத்தியரிடம் கேட்டு ஸஹருக்கோ இஃப்தாருக்குப் பிறகோ மாற்றிக்கொள்ளலாம்.

ஆறுதல் உதவாத நோய்

2004 டிசம்பர் 26இல் சுனாமியாக எழுந்த கடல் இந்தக் கரையை விழுங்கியது. இலங்கையிலேயே அதிக உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில்தான். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடலோர வீதிகள் முழுதாக இல்லாமல் போயின. உளவளத்துணை என்ற சொல் இங்கே பல வீடுகளுக்கு அறிமுகமானது அதன் பின்னர்தான். 2005இல் நாட்டின் மனநலக் கொள்கையும் மாறியது. அங்கொடை மனநல வைத்தியசாலையில் குவிந்திருந்த சேவையை மாவட்டங்களுக்குக் கொண்டுவரத் தீர்மானித்தார்கள்.

இழவில் துவண்டவருக்கு அருகில் அமர்ந்து கேட்பதும் ஆறுதல் சொல்வதும் மருந்து. ஆனால் உளவளத்துணை என்றாலே ஆறுதல்தான் என்ற எண்ணத்தோடு ஓசிடிக்காரரிடம் போனால் விளைவு எதிர்மாறாகும்.

“உம்மா, மூணு தரம் கழுவினனா?”

“ஓம் மகள், நான் பார்த்துக்கிட்டுத்தானே நிக்கன். கழுவிட்டாய்.”

உம்மாவின் அந்தப் பதிலும் ஒரு சடங்காகிவிடுகிறது. ஐந்து நிமிடத்தில் அதே கேள்வி வரும். வாப்பா சிரமப்பட்டுப் பெரிய தாங்கி வாங்கி வைப்பதும், ராத்தா அவளுக்காகப் பாத்திரங்களை மறுபடி கழுவிக் கொடுப்பதும் அன்பினால்தான்; பலன் நோய்க்கே போகிறது. வாரந்தோறும் ‘ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள்’ என்று மட்டும் சொல்லி அனுப்பும் ஆலோசகர், நேரில் இருந்தாலும் திரையில் இருந்தாலும், உம்மாவின் வேலையைத்தான் கட்டணம் வாங்கிச் செய்கிறார்.

ஆகவே ஒன்லைனா நேரிலா என்ற கேள்விக்கு முன்னால் நிற்பது, கிடைக்கப்போவது எந்தச் சிகிச்சை என்ற கேள்வி.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

தொலைவிலிருந்து சிகிச்சை கொடுத்துப் பார்த்தது கொரோனாவுக்கு முன்பே தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் கரினா லவெல் குழுவினர் 72 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு நேரிலும் மற்றதற்குத் தொலைபேசியிலும் பத்து வாரம் ஈஆர்பி கொடுத்தார்கள். 2006இல் வெளியான முடிவின்படி தொலைபேசிப் பிரிவு பின்தங்கவில்லை. வீடியோ இல்லை, செயலி இல்லை; வெறும் குரல். டேட்டா தீர்ந்துபோகும் வீட்டுக்கும், கமராவுக்கு முன்னால் அமரக் கூச்சப்படும் பெண்ணுக்கும் இந்தத் தகவல் பயன்படும்.

சுவீடனில் இன்னொரு வழியைச் சோதித்தார்கள். பாடங்களும் பயிற்சிகளும் இணையத்தில் இருக்கும். நோயாளி தானே படித்துச் செய்வார். சிகிச்சையாளர் செய்தி அனுப்பி வழிநடத்துவார். 2012இல் வெளியான ஆய்வில் 101 பேர் கலந்துகொண்டார்கள். பத்து வாரத்தில் இணையச் சிகிச்சை பெற்றவர்களில் 60 வீதத்தினரிடம் கண்கூடான முன்னேற்றம். ஒப்பீட்டுக் குழுவில் 6 வீதம் மட்டுமே.

நேரடிச் சிகிச்சையோடு மோதவிட்ட ஆய்வு 2022இல் வந்தது. ஸ்டாக்ஹோமில் 120 பேர். ஓசிடியின் கடுமையை அளக்கும் யேல்-பிரவுன் அளவுகோல் 0 முதல் 40 வரை போகும். அதில், சிகிச்சையாளர் வழிநடத்திய இணையப் பிரிவு நேரடிப் பிரிவைவிடச் சராசரியாக 2 புள்ளி பின்னே நின்றது; அது தற்செயலாகவும் இருக்கக்கூடிய அளவு. வழிநடத்த ஆளே இல்லாமல் தனியாகச் செய்தவர்கள் 5 புள்ளிக்கு மேல் பின்தங்கினார்கள். 8 முதல் 17 வயதுக்குட்பட்ட 152 பிள்ளைகளிடம் நடந்து 2021இல் வெளியான சுவீடிஷ் ஆய்வு இன்னும் நடைமுறைக்கு உகந்தது. முதலில் இணையச் சிகிச்சை, தேறாதவர்களுக்கு மட்டும் நேரடிச் சிகிச்சை என்று படிப்படியாகக் கொடுத்தார்கள். பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கே இரண்டாம் படி தேவைப்பட்டது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, எல்லாரையும் நேரில் பார்த்த முறைக்கு இது சளைக்கவில்லை.

இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. திரை தடையாக இல்லை. மறுபக்கத்தில் கணக்குக் கேட்க ஒரு மனிதர் இல்லாமல் போவதுதான் தடை. இரண்டாவது, அங்கே நோய் என்னவென்று முதலில் முறையாக உறுதிசெய்துவிட்டுத்தான் இணையச் சிகிச்சையில் சேர்த்தார்கள்.

கல்முனையில் வைத்துப் பார்த்தால்

கல்முனை நகரத்துக்குள்ளேயே ஆதார வைத்தியசாலை, அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை என்று இரண்டு அரச வைத்தியசாலைகள். மனநலப் பிரிவுள்ள மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை வடக்கே ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர். அரச கிளினிக்கில் ஆலோசனைக்கும் மருந்துக்கும் கட்டணமில்லை. நோயைக் கண்டறியவும் மருந்து தொடங்கவும் அதுவே சரியான வாசல். ஈஆர்பி பழகிய, தமிழ் பேசும் உளவியலாளர்தான் அரிது. நாடு முழுவதுமே பயிற்சி பெற்ற மருத்துவ உளவியலாளர்கள் குறைவு. இருப்பவர்களில் பெரும்பாலானோர் கொழும்பை அண்டியே இருக்கிறார்கள். பத்து வாரத்துக்குப் பத்துமுறை இரவு பஸ் ஏற எத்தனை பேரால் முடியும்?

கிளினிக் வாசலில் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது: பார்ப்பவர் கண். வரிசையில் பக்கத்து வீட்டு மாமி இருப்பார். பின்னேரத்துக்குள் ‘அவட மகளுக்கு விசராம்’ என்று ஊர் பேசும். கலியாணம் பேசும் வயதில் பிள்ளை இருந்தால் சொல்லவே வேண்டாம். தண்ணீர் ஓதிக் கொடுத்து, தாயத்துக் கட்டி, ஜின் பார்த்து ஆண்டுகள் பல போன பிறகே பலர் வைத்தியரிடம் வருவதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம். இங்கே திரை உதவுகிறது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருக்கும் தமிழ் பேசும் சிகிச்சையாளரை, துணைக்கு ஆள் தேடாமல், யார் கண்ணிலும் படாமல் சந்திக்கலாம்.

இன்னொரு நன்மையும் உண்டு. ஓசிடி ஆலோசனை அறையில் வாழ்வதில்லை. அது குளியலறைக் குழாயடியிலும் சமையலறைக் கதவிலும் தொழுகை விரிப்பிலும் வாழ்கிறது. அறையில் கதைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் குழாய் பழைய ஆட்டத்தைத் தொடங்கிவிடும். கைத்தொலைபேசியைக் குழாயடி மேடையில் வைத்து, அளந்த ஒரு போத்தல் தண்ணீரில் வுழூச் செய்து, ‘மறுபடி கழுவத் தோன்றுகிறது’ என்று சொல்லிக்கொண்டே விலகி நடப்பதைச் சிகிச்சையாளர் அந்த நேரத்திலேயே கூட இருந்து நடத்த முடியும்.

குறைகளும் இருக்கின்றன. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் நமது. பிள்ளைக்குத் தீங்கு செய்துவிடுவேனோ என்ற எண்ணத்தை மாமியார் காதில் விழும்படி எந்த மருமகள் சொல்வாள்? ஆட்களில்லாத நேரத்தையோ தோழியின் வீட்டையோ தேட வேண்டியிருக்கும். வெளிநாட்டுச் சிகிச்சையாளரின் கட்டணம் டொலரிலோ பவுணிலோ வரும். 2022இல் ரூபாய் வீழ்ந்த பிறகு நமக்கு அது எட்டாத தூரம். அவரால் இங்கே மருந்து எழுதித் தரவும் முடியாது. ஆலோசகர் என்று பெயர்ப்பலகை போட முகநூலில் எவருக்கும் தடையில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சில நிலைமைகளில் நேரில் போவதைத் தவிர வேறு பேச்சே இல்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால், சாப்பாடும் தூக்கமும் நின்றிருந்தால், எண்ணங்கள் தன்னுடையவையல்ல, யாரோ உள்ளே இருந்து பேசுகிறார்கள் என்று ஒருவர் உறுதியாக நம்பினால், பிள்ளைப்பேற்றுக்குப் பின் தொடங்கியிருந்தால் வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும். நள்ளிரவில் பேச ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இருக்கிறது.

மௌலவிக்கும் ஒரு பங்கு

இஸ்லாமிய மரபு இந்த நோயை நெடுங்காலமாக அறியும். இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்கில் பிறந்து கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கி, உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதியவர். கோபம், அச்சம், துயரம் என்பவற்றோடு வஸ்வாஸைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். 2015இல் அந்தப் பகுதியை இன்றைய மருத்துவ வரையறையோடு ஒப்பிட்ட ஆய்வாளர்கள் இரண்டும் வியக்கத்தக்க அளவு ஒத்துப்போவதைக் கண்டார்கள். கி.பி. 1223இல் மறைந்த இப்னு குதாமா, சுத்தத்தில் எல்லை மீறுபவர்களைக் கண்டித்துத் தனி நூலே எழுதினார்.

சட்டமும் சந்தேகக்காரருக்குச் சாதகமானதுதான். உறுதியானதைச் சந்தேகம் நீக்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. நமது ஊர்களில் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், உலர்ந்த நாய் உலர்ந்த உடையில் உரசினால் கழுவ வேண்டியதில்லை. மௌலவி இதை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டால், சிகிச்சை மார்க்கத்துக்கு முரணோ என்ற தயக்கம் போய்விடும். நல்ல சிகிச்சையாளர் ஹராமான எதையும் செய்யச் சொல்வதில்லை. மற்றவர்கள் செய்யும் அளவோடு நிறுத்தத்தான் சொல்கிறார். ஆனால் அந்த ஒருமுறையோடு மௌலவியும் நிறுத்திக்கொள்ள வேண்டும். அதே கேள்விக்கு வட்ஸ்அப்பில் நாளும் ஃபத்வா கொடுத்தால் அதுவும் உம்மாவின் பதிலாகிவிடும். கூகிளும் செயற்கை அறிவுச் செயலிகளும் இந்த விடயத்தில் இன்னும் ஆபத்து: எத்தனை முறை கேட்டாலும் அவை சலித்துக்கொள்வதில்லை.

எப்படித் தேர்ந்தெடுப்பது

நேரிலோ திரையிலோ சிகிச்சையாளரிடம் முதல் நாளே சில கேள்விகளைக் கேட்கலாம். ஓசிடி உள்ளவர்களுக்குச் சிகிச்சை கொடுத்த அனுபவம் உண்டா? அஞ்சுவதை எதிர்கொண்டு சடங்கைத் தவிர்க்கும் முறையைத்தான் பயன்படுத்துவீர்களா? வாரங்களுக்கிடையில் வீட்டில் என்ன பயிற்சி தருவீர்கள்? குடும்பத்துக்கும் சொல்லிக் கொடுப்பீர்களா? எந்தக் கல்வித் தகைமை, எந்த நிறுவனம்? இவற்றுக்குத் தெளிவான பதில் சொல்ல முடியாதவர் அடுத்த தெருவில் இருந்தாலும் பயனில்லை.

இந்தக் கரையில் பெரும்பாலானோருக்குச் சாத்தியமான வழி இரண்டையும் இணைப்பதுதான். நோய் இன்னதென்று கண்டறிவதும் மருந்தும் அரச கிளினிக்கில். ஈஆர்பி, கிடைக்கும் இடத்திலிருந்து தொலைபேசியிலோ வீடியோவிலோ. நெருக்கடி வந்தால் ஓடிப்போக அருகிலுள்ள வைத்தியசாலை. எட்டு, பத்து வாரத்தில் ஒன்றும் அசையவில்லை என்றால் திரையை விட்டு அறைக்கு மாறலாம், மருந்தின் அளவைப் பற்றிக் கேட்கலாம்.

எச்சரிக்கை ஒன்று மீதமிருக்கிறது. எந்தச் சிகிச்சை மிகச் சரியானது, இந்தச் சிகிச்சையாளர்தான் மிகச் சிறந்தவரா, எனக்கு இருப்பது உண்மையிலேயே ஓசிடிதானா என்று மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருக்கும் நோயாளிகள் பலர். நூறு வீத நிச்சயம் கிடைத்த பிறகுதான் தொடங்குவேன் என்று சொல்வது அந்த நோயே. முழு நிச்சயம் கிளினிக்கிலும் கிடைக்காது, திரையிலும் கிடைக்காது. போதுமான அளவு நல்லதாகத் தெரியும் ஒன்றைத் தேர்ந்து, சந்தேகம் இருக்கும்போதே முதல் சந்திப்புக்கு நாள் குறித்துக்கொள்பவர், சிகிச்சையின் முதல் பயிற்சியை அப்போதே செய்துவிடுகிறார்.